தொட்டியிடம் விளக்கம் கேட்ட இலாகா

ரபேலுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேட்டதும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பலகை வீட்டு வரிசையில் மகிழாதவர் யாரும் இல்லை. என்ன வேலை என்று கேட்ட பிறகும் மகிழ்ந்தவள் அவன் மனைவி சாந்தமேரி ஒருத்திதான்.

அது 1932. ரப்பர் விலை விழுந்திருந்தது. ஈய விலையும் விழுந்திருந்தது. அவற்றோடு சேர்ந்து செந்தூல் ரயில்வே பட்டறையில் சாமான் அறைப் பொறுப்பாளனாக இருந்த ரபேலும் விழுந்திருந்தான். வேலை இல்லாதவர்களைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு மாதம் சும்மா இருந்தவனுக்குப் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில் கிடைத்தது இந்த உத்தியோகம். நகரக் கழிவு மேம்பாட்டு இலாகாவின் சோதனை நிலையத்தில் வாயு வாசிப்பாளன்.

சோதனை நிலையம் கிள்ளான் ஆற்றங்கரையில், செங்கல் சூளைகளைத் தாண்டி இருந்தது. அங்கே இருபதடி ஆழத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு தொட்டி. ஊரின் கழிவுக் குழம்பை வண்டிகளில் கொண்டுவந்து அதற்குள் விடுவார்கள். உள்ளே காற்றுப் புகாது. குழம்பு தானாகப் புளித்துச் செரித்து, எரியக்கூடிய வாயுவை விடும். தொட்டியின் வாயில் கவிழ்த்த குடம்போல் ஓர் இரும்பு மூடி தண்ணீரில் மிதந்தது. வாயு சேரச் சேர மூடி மேலே எழும்பும். பக்கத்துக் கம்பத்தில் அங்குலக் கோடுகள் வரைந்திருந்தார்கள். காலையில் மூடி எத்தனை அங்குலம் எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வாயுவைக் குழாய் வழியாக விட்டு எரித்துவிடுவார்கள். மூடி கீழே இறங்கிவிடும், மறுநாள் மறுபடி எழும்பும். ஒழுங்காக எழும்பினால் தொட்டி நலம். எழும்பாவிட்டால் உள்ளே கோளாறு. இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும் என்பதால் இலாகா இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

தொட்டியில் வேலை செய்ய ஓர் ஆள் இருந்தான். அவன் செய்வதை எழுதிவைக்க அலுவலகத்தில் பதினோரு கிராணிகள் இருந்தார்கள்.

முதல் நாள் பெம்பர்ட்டன் துரை ரபேலைக் கூப்பிட்டு நிறுத்தி, நிலையத்தின் தத்துவத்தை விளக்கினார். சிவந்த முகமும் வெள்ளைக் காலுறையுமாக அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அளவுகோல் வைத்திருக்கிறேன். அளவுகோலை நான் போய்ப் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் உன்னை வைத்திருக்கிறேன். உன்னை நான் நம்புவதில்லை. அதற்காகத்தான் படிவம். படிவத்தை நான் படிப்பதில்லை. அதற்காகத்தான் நாகையா. இப்படி ஒரு தவறுகூட நுழைய முடியாதபடி இந்த நிலையத்தை அமைத்திருக்கிறேன்."

தலைமைக் கிராணி நாகையா பக்கத்தில் நின்று, "யெஸ் சார்" என்றார். பதினெட்டு வருட சர்வீஸ் அவருக்கு. துரை மூச்சு விடும் இடைவெளிகளை அறிந்து அந்தந்த இடத்தில் மட்டும் "யெஸ் சார்" சொல்லக்கூடியவர்.

காலை ஏழு மணிக்கு வாசிப்பு நடக்கும். மணி அடித்ததும் ரபேல் ஏணியில் ஏறி, மூடியைப் பார்த்து, "முப்பத்தெட்டு!" என்று கத்த வேண்டும். ஏணிக்கடியில் நிற்கும் இரண்டாம் கிராணி அதையே திரும்பக் கத்துவார். மூன்றாம் கிராணி எழுதுவார். எழுதியதை நாகையா படித்து, "முப்பத்தெட்டா?" என்று கேட்பார். ரபேல் மறுபடி ஏறிப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்று உறுதி கூறுவான். நேற்றைவிடக் கூடினால் நீல மசி, குறைந்தால் சிவப்பு மசி. சிவப்பு மசி இருந்த அலமாரியின் சாவி துரையிடம் இருந்தது. துரை பதினோரு மணிக்குமேல்தான் வருவார். ஆகவே வாயு குறைந்த நாட்களில் அது குறைந்திருப்பது பதினோரு மணிக்குமேல்தான் இலாகாவுக்குத் தெரியவரும்.

தொட்டியில் வேலை செய்த அந்த ஒரே ஆளின் பெயர் பழனியப்பன். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். படிவங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயுவை எரிக்கும்போது மட்டும் குழாய்முனையில் எரியும் தீயைக் கண்கொட்டாமல் பார்ப்பான்.

"தீ நீலமா நின்னு எரியுது பாரு தம்பி. வயிறு நல்லாருக்குன்னு அர்த்தம். மஞ்சளாப் போய்த் துடிச்சா ஆகாது."

"இத நாகையா ஐயாகிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேன். நெறத்த அளக்க ஆள் இல்லேன்னுட்டாரு."

மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ரபேல் ஏணியில் ஏறிப் பார்த்தான். மூடி முப்பத்தோர் அங்குலத்தில் நின்றது.

"முப்பத்தொண்ணு!"

கீழே யாரும் திரும்பக் கத்தவில்லை. இரண்டாம் கிராணி மூன்றாம் கிராணியைப் பார்த்தார். மூன்றாம் கிராணி பேனாவை மூடிவைத்தார்.

காரணம் பழனியப்பனுக்குத் தெரிந்திருந்தது. "சனிக்கெழம ஆத்துல வெள்ளம். வண்டி ஒண்ணும் வரல. சாப்பாடு போடாம ஏப்பம் மட்டும் வா வான்னா எப்படி வரும்லா?"

ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. விதிப்படி, உற்பத்தி குறைந்தால் உற்பத்தி செய்பவரிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும். உற்பத்தி செய்வது தொட்டி. புதன்கிழமை தொட்டியின் பெயருக்கு ஒரு மெமோ வந்தது. "ஏழு அங்குலம் குறைத்ததற்காக உன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்." நாகையா மேற்பார்வையில் அது பசை தடவித் தொட்டிச் சுவரில் ஒட்டப்பட்டது. மழையில் நனையாதிருக்க மேலே ஒரு தகரம் அடித்தார்கள்.

ஆறாம் நாள் நாகையா பதற்றத்தோடு வந்தார்.

"ரபேலு, பதில் ஒண்ணும் வரலியே?"

"தொட்டி எப்படிங்கய்யா பதில் எழுதும்?"

"அது எனக்கும் தெரியும்யா. நான் படிக்காதவனா? ஆனா ஃபைல்ல பதில் இல்லாட்டி ஃபைல மூட முடியாது. நீதானே அதுக்குப் பக்கத்துல இருக்கற ஆளு. அது சார்பா எழுதிக் குடு."

ரபேல் யோசித்து எழுதினான். "சனிக்கிழமை எனக்கு உணவு அளிக்கப்படவில்லை. இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள தொட்டி." நாகையா படித்துப் பார்த்து மிகவும் திருப்திப்பட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு இருந்தது. தொட்டி கையெழுத்துப் போடுமா, கைநாட்டு வைக்குமா? அரை நாள் ஆலோசித்து, தொட்டி பள்ளிக்கூடம் போனதற்குச் சான்று இல்லாததால் கைநாட்டு என்று முடிவாயிற்று. பழனியப்பனின் கட்டைவிரலை மசியில் தோய்த்து அழுத்தினார்கள்.

அன்றே பெம்பர்ட்டன் துரை ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை ஒருவர் நிலையத்தைப் பார்வையிட வருவதாகத் தந்தி வந்திருந்தது. ஆறு வாரம் இருந்தது.

"கனவான்களே, தொட்டி தன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டது. உணவு போதவில்லை. ஒரு மடங்கு உணவுக்கு முப்பத்தெட்டு அங்குலம் என்றால் இரண்டு மடங்குக்கு எழுபத்தாறு அங்குலம். இது கணிதம், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனாலும் நான் இரக்கமுள்ளவன். பெரிய துரை வரும் நாளில் ஐம்பது அங்குலம் இருந்தால் போதும்."

அதன்படி மறுநாளிலிருந்து வண்டிகள் இரட்டிப்பாக வந்தன. பழனியப்பன் மூன்றாவது வண்டியிலேயே கையை உதறினான்.

"தம்பி, வயித்துக்குமேல ஊத்துறாங்க. இது தாங்காது. புளிச்சு நொரை தள்ளிரும்."

முதல் வாரம் நாற்பது அங்குலம் வந்தது. துரை கிளப்பில் எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்து இருபத்திரண்டு, பதினான்கு, ஒன்பது. மூடியின் ஓரத்தில் அழுக்கு நுரை பொங்கியது. ஆற்றங்கரை முழுவதும் கெட்டுப்போன கள்ளின் நாற்றம் அடித்தது. குழாய்முனையில் தீ மஞ்சளாகத் துடித்து, பக்கென்று அணைந்தது. பழனியப்பன் நெருப்புக்குச்சியை மறுபடி மறுபடி கிழித்துப் பார்த்தான். பற்றவில்லை.

"வண்டிய நிறுத்தச் சொல்லு தம்பி. கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்புத் தண்ணி விட்டு, ரெண்டு மாசம் பட்டினி போட்டா எந்திரிச்சுரும். தோட்டத்துல மாட்டுக்கு இப்படித்தான் பாத்தேன்."

ரபேல் நாகையாவிடம் போய்ச் சொன்னான். நாகையா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "உணவு கூட்டுறதுக்கு விதி இருக்கு. கொறைக்கறதுக்கு விதி இல்ல. துரை கூட்டச் சொன்னப்போ கொறைக்கறத யாரும் நெனைக்கல" என்றார்.

அதற்குப் பதிலாக இலாகா வேறு நடவடிக்கை எடுத்தது. அளவுகோல் சீமையில் வரைந்தது என்றும், குளிர்நாட்டு அங்குலம் இந்த வெயிலுக்குப் பொருந்தாது என்றும் துரை கண்டுபிடித்தார். பெயின்டர் ஒருவன் வந்து கம்பத்தில் வெப்பநாட்டு அங்குலம் வரைந்தான். அது கொஞ்சம் குட்டையானது. ஒன்பது அங்குலம் ஒரே மதியத்தில் பதினைந்து ஆயிற்று. நீல மசியில் எழுதினார்கள். ஆனால் ஐம்பதாக்க வேண்டுமானால் அங்குலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்க வேண்டியிருந்தது. பெயின்டர் அவ்வளவு மெல்லிய தூரிகை தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

பெரிய துரை வர இரண்டு நாள் இருந்தபோது, கொல்லன் பட்டறைத் துருத்தி ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. ஆளுயரத் துருத்தி. நாகையா அதன் மூக்கைத் தொட்டியின் குழாயில் மாட்டச் சொன்னார்.

"எதுக்குங்கய்யா?" என்றான் ரபேல்.

"மூடி எழும்பணும். அவ்வளவுதான். எதால எழும்புதுன்னு படிவத்துல யாரும் கேக்கல." நாகையாவின் நெற்றியில் வியர்வை. "நீ போய் ஏணில நில்லு. ஐம்பது வந்ததும் சொல்லு."

இரண்டு கூலிகள் துருத்தியை அழுத்தினார்கள். மூடி முனகிக்கொண்டு எழும்பியது. இருபது, முப்பது, நாற்பது. ஐம்பத்தொன்றில் நிறுத்தினார்கள். பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

ரபேல் கைதட்டவில்லை. செந்தூல் பட்டறையில் இரும்பு ஒட்ட கார்பைடு வாயு பயன்படுத்துவார்கள். ஒருநாள் அந்த வாயுப் பீப்பாயில் மூடி சரியாகப் பொருந்தாமல் காற்றுப் புகுந்துவிட்டது. பேசில் என்ற, பழைய இரும்பு பொறுக்கிச் சேர்க்கும் ஆள் பக்கத்தில் விளக்கைக் கொண்டுபோனான். பீப்பாய் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பேசிலின் இடக்கையைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு பீப்பாய். இது ஒரு வீடளவு. இதன் குழாய்முனையில்தான் வியாழக்கிழமை பெரிய துரை தம் கையால் தீ வைத்து விழாவைத் தொடங்கப் போகிறார். மூடிக்கு எட்டடி தூரத்தில் துரைசானிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவன் நேராக நாகையாவிடம் ஓடினான். "ஐயா, கெட்ட வாயுவானாலும் கொஞ்சம் எரியற வாயு உள்ள இருக்கு. அதுல காத்தக் கலந்துட்டோம். நெருப்பு வெச்சா வெடிக்கும். வாயு மட்டும் இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

நாகையாவின் முகம் வெளுத்தது. ஒரு கணம் அவர் தலைமைக் கிராணியாக இல்லாமல் வெறும் மனிதராக இருந்தார். பிறகு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "எழுத்துல குடு. நான் மேல அனுப்புறேன். மூணு வாரத்துல பதில் வரும்."

"விழா நாளான்னிக்கு ஐயா!"

"அப்போ துரையப் போய்ப் பாரு. ஆனா நான் அனுப்புனதாச் சொல்லாத."

துரை அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். விபத்து அறிக்கைப் படிவம்.

"இதைப் பூர்த்தி செய்து கொடு. முதல் கட்டத்தில் விபத்து நடந்த தேதியும் நேரமும் எழுத வேண்டும்."

"இன்னும் நடக்கலைங்க தொரை."

"அப்படியானால் இப்போது எப்படிப் பூர்த்தி செய்வாய்? நடக்காத விபத்துக்கு அறிக்கை வாங்கினால் இலாகாவின் புள்ளிவிவரம் என்ன ஆவது? நடந்த பிறகு கொண்டு வா. நான் உடனே கையெழுத்துப் போடுகிறேன்."

அன்று மாலை கோயில் மணி அடித்தபோது ரபேல் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. சாந்தமேரி எதிரில் உட்கார்ந்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவள் ஏழு மாதக் கர்ப்பம்.

"மூடியத் தெறந்து விட்டுட்டா வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது. ஆத்துப்பக்கம் ஒரு குழாய் இருக்கு. தெறந்தா காத்தோட போயிரும். ஆனா பெரிய துரை முன்னாடி மூடி எறங்கிரும். என் வேலை போயிரும். மறுபடி சும்மா இருந்தா கப்பல்தான்."

சாந்தமேரி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள். "கப்பல்ல ஏத்துனா ரெண்டு கையோட ஏறலாம். பேசில் அண்ணன் பொண்டாட்டிக்கு நான்தான் ஒரு மாசம் சோறு கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்கு யாரு கொண்டு வருவா? தெறந்து விடுங்க."

வியாழக்கிழமை காலை பந்தல், வாழைமரம், போலீஸ் பேண்டு எல்லாம் வந்தன. ரபேல் பழனியப்பனிடம் விஷயத்தைச் சொல்லி, "நீங்க அந்தப் பக்கம் போயிருங்கண்ணே, உங்களையும் சேத்துருவாங்க" என்றான்.

பழனியப்பன் போகவில்லை. "அந்தத் திருகு துருப்பிடிச்சுக் கெடக்கு. ஒத்தக் கையால திருக முடியாது" என்று சொல்லிவிட்டு அவனோடு ஆற்றுப்பக்கம் நடந்தான்.

தீ வைக்கும் குழாயை முதலில் இறுக மூடினார்கள். பிறகு ஆற்றுப்பக்கத் திருகை இருவரும் சேர்ந்து திருகினார்கள். அது கால் சுற்று சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. உஸ்ஸென்று வாயு ஆற்றின்மேல் போயிற்று. காற்று பந்தலிலிருந்து ஆற்றை நோக்கி அடித்தது. ஆனாலும் பந்தலில் ஒரு துரை சுருட்டைப் பற்றவைத்தபோது ரபேல் கண்களை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான். ஒன்றும் ஆகவில்லை.

அதே நேரத்தில் பெம்பர்ட்டன் துரை தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"கனவான்களே, சீமாட்டிகளே! ஒரு நிலையம் எப்படி நடக்கிறது என்பதை அறிய அதன் மூடியைப் பாருங்கள். நான் இங்கே வந்தபோது இந்த நிலையம் எங்கே இருந்தது? அதோ, கீழே இருந்தது!"

எல்லோரும் மூடியைப் பார்த்தார்கள். அது ஐம்பத்தொன்றிலிருந்து நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

"என் நிர்வாகத்தில் அது படிப்படியாக எந்தத் திசையில் சென்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண்களே சொல்லும்!"

முப்பது. இருபது. துரைசானி ஒருத்தி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள். நாகையா எழுந்து ஏதோ சைகை காட்டினார். துரை அதைக் கைதட்டச் சொல்வதற்கான அறிகுறி என்று நினைத்துச் சற்று நிறுத்தினார். யாரும் தட்டவில்லை.

"இந்த வேகத்தில் போனால் இன்னும் ஓராண்டில் நாம் எங்கே இருப்போம் என்பதை யோசித்துப் பாருங்கள்!"

மூடி தண்ணீரில் டம்மென்று உட்கார்ந்தது. அழுக்கு நீர் தெறித்து முதல் வரிசைவரை வந்தது. பெரிய துரை தொப்பியைத் துடைத்துக்கொண்டே எழுந்து, தீ வைக்கும் குழாயருகே போய், முறைக்காக ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்தார். அது அவர் விரல்வரை எரிந்து அணைந்தது. பேண்டு மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் அரச வாழ்த்தை வாசிக்கச் சொன்னார்.

விசாரணை வந்தது. ரபேல் ஒளிக்கவில்லை. "நான்தான் தெறந்தேன். உள்ள இருந்தது காத்து கலந்த வாயு. நெருப்பு வெச்சிருந்தா எல்லாரும் போயிருப்பீங்க" என்றான். பழனியப்பன் பெயரைச் சொல்லவில்லை. பழனியப்பனே முன்னால் வந்து, "ரெண்டாவது கை என்னுதுங்க" என்றான்.

விசாரணைக் குழு இதை எழுதிக்கொண்டது. ஆனால் காற்று உள்ளே போனதாக எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருந்ததெல்லாம் வாயு ஐம்பத்தோர் அங்குலம் என்ற நீல மசிதான். அரசாங்க வாயு ஐம்பத்தோர் அங்குலத்தை ஆற்றில் விட்ட குற்றம் இருவர்மேலும் சுமத்தப்பட்டது. தீர்ப்பு வரும்வரை இருவரும் தினமும் நிலையத்துக்கு வர வேண்டும், ஆனால் வேலை செய்யக் கூடாது. வாசிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. யாரும் தெரியாமல் பார்த்துவிடக் கூடாதென்று அளவுகோலைச் சாக்கால் மூடிக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். கழிவு வண்டிகளும் நின்றன.

இப்படியாகத் தொட்டிக்குப் பட்டினி கிடைத்தது. சுவருக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டை ஒன்று கிடங்கில் கிடந்தது. பழனியப்பன் தினமும் ஒரு வாளி கரைத்து உள்ளே ஊற்றினான். அதை வேலை என்று யாரும் கருதாததால் தடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் புளித்த நாற்றம் போயிற்று. எட்டாவது வாரம் நுரை அடங்கியது. பிறகு பழனியப்பனே அருகில் இருந்த கூலி வரிசைக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினான். ஒரு காலை அவன் குழாயைத் திறந்து குச்சியைக் கிழித்தான். தீ ஓரடி உயரத்துக்கு நீலமாக எழுந்து அசையாமல் நின்றது. பழனியப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ரபேல் அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னான். "ஐயா, தொட்டி பொழச்சிருச்சு! மூடி கம்பத்து உச்சியத் தொட்டுக்கிட்டு நிக்குது!"

நாகையா நிமிரவில்லை. "வாசிப்பு நிறுத்திவெச்சிருக்கு ரபேலு. எழும்புனாலும் எழும்பலன்னுதான் அர்த்தம்."

தொண்ணூற்றிரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. குழு தொட்டியைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தது. தொண்ணூற்றிரண்டு நாளும் வாயு இல்லை. ஆகவே தொட்டி செத்துவிட்டது, நிலையம் மூடப்படுகிறது, குற்றம் சாட்டப்பட்ட இருவர் உட்பட ஊழியர்கள் அனைவரும் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். அறிக்கையின் கடைசி வரியில் ஒரு பாராட்டும் இருந்தது. தொட்டியில் வாயு இல்லை என்ற உண்மையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிக் கொடுத்த கண்காணிப்பு முறை மாபெரும் வெற்றி. அதற்காகப் பெம்பர்ட்டன் துரைக்குப் பதவி உயர்வு.

இரும்பு மூடியை ஏலத்தில் எடுக்க வந்தவர் லிம் தவுக்கே என்ற சீன முதலாளி. கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் முந்நூறு பன்றி வளர்ப்பவர். மூடியைத் தட்டிப் பார்க்க வந்தவர், அதன் குழாயில் எரிந்துகொண்டிருந்த தீயைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என்ன? விறகு எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"விறகு இல்ல தவுக்கே. சாணி, மலம், இதுலேர்ந்து வர்றது" என்றான் ரபேல்.

"பன்றிச் சாணியில் வருமா?"

பழனியப்பன் முன்னால் வந்தான். "அதுல இன்னும் நல்லா வரும்."

தவுக்கே அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் இரண்டு வண்டி விறகு எரித்துப் பன்றிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் அவர். மூடியை லோரியில் ஏற்றினார். ரபேலையும் பழனியப்பனையும் மூடிமேல் ஏற்றினார். சாந்தமேரி ஒரு வாரம் கழித்துக் கைக்குழந்தையோடு ரயிலில் வந்து சேர்ந்தாள்.

பண்டமாரானில் தொட்டி கட்டி, ஆறு வாரத்தில் தீ வந்தது. ஒரே பானையில் முந்நூறு பன்றிக்குக் கஞ்சி கொதித்தது. செய்தி எப்படியோ கோலாலம்பூருக்குப் போய், ஒருநாள் பெம்பர்ட்டன் துரையே மோட்டாரில் வந்து இறங்கினார். நாகையாவை இலாகா மறுபடி தற்காலிகமாகச் சேர்த்திருந்தது. அவரும் குறிப்புப் புத்தகத்தோடு பின்னால் வந்தார்.

துரை தொட்டியைச் சுற்றிவந்தார். "அளவுகோல் இல்லையே. தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?"

பழனியப்பன் கைகட்டிச் சொன்னான். "தீ கொறஞ்சா கஞ்சி வேகாதுங்க தொரை. கஞ்சி வேகலேன்னா பன்னி கத்தும். கத்துனா வந்து பாத்துக்குவோம்."

துரை பின்னால் திரும்பினார். "நாகையா, எழுதிக்கொள்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அரசாங்கத் தபால் ஒன்று ரபேலுக்கு வந்தது. ஆற்றங்கரைச் சோதனை நிலையம் மறுபடி திறக்கப்படுகிறதாம். தொட்டிக்கு ஒன்று வீதம் அங்கீகரிக்கப்பட்ட பன்றி நியமிக்கப்படும். அது கத்தும் எண்ணிக்கையைக் காலை, மதியம், மாலை பதிவு செய்யப் 'பன்றி கேட்பாளர்' என்ற புதிய பதவி. தகுதி, ஏழாம் வகுப்புத் தேர்ச்சியும் இரண்டு காதுகளும். பன்றி வளர்ப்பவர் ஒருவரின் சான்றிதழ் அவசியம்.

கடிதத்தின் ஓரத்தில் நாகையா தம் கையெழுத்தில் கிறுக்கியிருந்தார். "ரபேலு, இந்த உத்தியோகம் நிரந்தரம். நானே விண்ணப்பம் போட்டிருக்கிறேன். உன் தவுக்கேயிடம் எனக்கொரு சான்றிதழ் வாங்கி அனுப்பு. வீட்டில் ஆறு பேர்."

ரபேல் இரண்டு முறை படித்தான். பிறகு தவுக்கேயிடம் எடுத்துப்போனான். தவுக்கே கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"யார் இந்த ஆள்? பன்றி வேலை தெரியுமா?"

ரபேலுக்குப் பொய் சொல்ல மனமில்லை.

"பன்றிய அவருக்குத் தெரியாது தவுக்கே. ஆனா மேலேர்ந்து என்ன சத்தம் வந்தாலும் ஒரு எழுத்து விடாம எழுதிக்குவாரு. பதினெட்டு வருஷப் பழக்கம்."

தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.